எச்81 போர்டு, பதினொரு வயது: எந்தக் கிராபிக்ஸ் கார்டு பொருந்தும்?

கேள்வி, நவம்பர் 2, 2025

அண்ணா, என் கம்ப்யூட்டர் 2014 கடைசியில் வாங்கியது. ஐ5-4590 ப்ராசஸர், எச்81 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்3 ரேம், ஜிடிஎக்ஸ் 750 டிஐ கிராபிக்ஸ் கார்டு, 1 டிபி ஹார்ட் டிஸ்க், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). மானிட்டர் 1080பி, 60 ஹெர்ட்ஸ். கையில் இருப்பது கொஞ்சம்தான். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி புதிதாகவே வாங்கிப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். கார்டைப் போர்டோடு சேர்க்கும் பிசிஐஇ இணைப்பில் எந்தத் தலைமுறைக் கார்டும் எந்த ஸ்லாட்டிலும் ஓடும் என்கிறார்கள். அப்படியென்றால் பிரச்சினை ஒன்றும் இல்லைதானே?

நவம்பர் 2, இரவு

வேண்டாம். வேறு எதை வேண்டுமானாலும் பார், அந்தக் கார்டு மட்டும் வேண்டாம்.

ஓடும் என்பது உண்மைதான். ஸ்லாட்டில் உட்காரும், படம் வரும். ஆனால் அந்தக் கார்டைத் திருப்பிப் பார்த்தால் விஷயம் புரியும். ஸ்லாட்டில் நுழையும் முனை முழு நீளத்துக்கு இருக்கிறது, அதில் கம்பி போட்டிருப்பது நான்கு லேனுக்கு (தகவல் போகும் தடத்துக்கு) மட்டும். பிசிஐஇ 4.0-இல் ஒரு லேனுக்கு நொடிக்கு ஏறத்தாழ 2 ஜிபி போகும், ஆக நான்கு லேனில் 8 ஜிபி. உன் போர்டு 3.0. அதில் அது பாதியாகி 4 ஜிபி. லேப்டாப்புக்காக யோசித்த சிப்பை டெஸ்க்டாப் கார்டில் வைத்து விற்ற கதை அது.

நவம்பர் 3, காலை

மேலே எழுதியதில் ஒரு தப்பு. உன் போர்டு 3.0 என்று சொல்லிவிட்டேன். என்னுடையது பி85 போர்டு, அதில் 3.0 உண்டு. அதே நினைப்பில் எழுதிவிட்டேன். எச்81 சிப்செட்டில் கிராபிக்ஸ் ஸ்லாட்டே 2.0தான். ப்ராசஸருக்கு 3.0 தெரியும், போர்டு விடாது.

அதனால் கணக்கை மறுபடி போடு. 2.0-இல் லேனுக்கு 500 எம்பி. நான்கு லேனுக்கு 2 ஜிபி. அந்தக் கார்டுக்குச் சேர வேண்டிய வழியில் கால் பங்கு. வேடிக்கை என்னவென்றால், இப்போது அங்கே இருக்கும் 750 டிஐக்குப் பதினாறு லேன், 8 ஜிபி. புதிதாக வாங்கும் கார்டுக்குப் பழையதை விட நான்கு மடங்கு குறுகலான சந்து.

நவம்பர் 3, மதியம்

"லேன் குறைந்தால் என்ன, கார்டிலேயே மெமரி இருக்கிறதே" என்று கேட்டிருக்கிறாய். நல்ல கேள்வி, பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது. கேமுக்கு வேண்டிய படங்கள் எல்லாம் கார்டின் மெமரிக்குள் அடங்கிவிட்டால் லேன் எண்ணிக்கை அவ்வளவாகத் தெரியாது. நிரம்பி வழியும்போதுதான் வினை. வழிந்தது ரேமுக்குப் போகும், வேண்டும்போது அந்தச் சந்து வழியாகத் திரும்பி வர வேண்டும். 6500 எக்ஸ்டியில் இருப்பது 4 ஜிபி. இப்போதைய கேம்களில் டெக்ஸ்சரை (பொருள்களின் மேல் ஒட்டும் படங்களை) 'ஹை' என்று வைத்தால் 4 ஜிபி எளிதில் நிரம்பும். சின்னத் தொட்டி, அதற்குச் சின்னக் குழாய். இரண்டில் ஒன்று பெரிதாக இருந்திருந்தாலாவது சமாளிக்கலாம்.

இதே கணக்கில் மற்ற கார்டுகள், உன் போர்டில்:

ஆர்எக்ஸ் 6600: எட்டு லேன், 4 ஜிபி வேகம், ஆனால் கார்டில் 8 ஜிபி மெமரி. வழிவதற்கு வாய்ப்பு குறைவு, ஆகவே பரவாயில்லை.
ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர்: பதினாறு லேன், 6 ஜிபி மெமரி. லேன் பற்றிய கவலையே வேண்டாம்.
ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி மாடல்: எட்டு லேன், தனி மின்சார வயர் வேண்டாம். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.
ஆர்எக்ஸ் 580: பதினாறு லேன், 8 ஜிபி, ஆனால் 185 வாட் குடிக்கும். கிழவன், பசி அதிகம்.

நவம்பர் 3, இரவு

580 பற்றி ஒன்று. '580 2048எஸ்பி' என்று ஒரு வகை உலவுகிறது. அசல் 580-இல் 2304 ஷேடர் (படத்தைக் கணக்கிடும் சின்ன அலகு), இதில் 2048, அதாவது உள்ளே ஆர்எக்ஸ் 570. பெட்டியில் பெரிதாக 580 என்றுதான் இருக்கும். செகண்ட் ஹேண்டில் எடுத்தால் ஜிபியு-இசட் என்ற மென்பொருளைப் போட்டு அந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பணம் கொடு. பத்து வருடப் பழைய கார்டின் பயாஸை (உள்ளே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி 1050 டிஐ என்று காட்டுகிறவர்களும் உண்டு. அதையும் அந்த மென்பொருளே பல சமயம் 'போலி' என்று காட்டிக்கொடுத்துவிடும்.

நவம்பர் 4

இன்டெல்லின் ஆர்க் பி580 கார்டைப் பற்றிக் கேட்ட இன்னொருவருக்கு: இந்த வயதுப் போர்டில் வேண்டாம். ப்ராசஸர் கார்டின் மெமரி முழுவதையும் ஒரே சமயத்தில் எட்ட விடும் ரீசைசபிள் பார் என்ற வசதி இருந்தால்தான் ஆர்க் கார்டு ஒழுங்காக ஓடும். பத்தாம் தலைமுறைக்குக் கீழே இன்டெல்லே அதைப் பரிந்துரைப்பதில்லை. நான்காம் தலைமுறைக்காரர்கள் வேடிக்கை மட்டும் பார்க்கலாம்.

நவம்பர் 5

மூன்று நாளாகக் கார்டைப் பற்றியே பேசுகிறோம். கார்டுதான் பிரச்சினையா என்று யாருமே கேட்கவில்லை, நானும் சேர்த்துத்தான்.

ஒரு காலத்தில் எனக்கு இதே அவசரம். கேம் திக்குகிறது, கார்டு பழசு, ஆகவே புது கார்டு. வாங்கினேன், மாட்டினேன், அதே திக்கல். சராசரி ஃபிரேம் எண் ஏறியிருந்தது, திக்கல் மட்டும் ஒரு துளி குறையவில்லை. ப்ராசஸரின் நான்கு கோரும் (உள்ளே தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) நூறு சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றிருக்கின்றன, நான் அதைப் பார்க்கவே இல்லை. பல் வலிக்குக் கண்ணாடி மாற்றியவன் கதை.

அதனால் முதலில் அள. ஆஃப்டர்பர்னர் என்ற அளவு காட்டும் மென்பொருளைப் போட்டுத் திரையின் மூலையில் இவற்றை வரவை: கார்டின் உபயோகம், கார்டு மெமரி, ஒவ்வொரு கோரின் உபயோகம், ரேம், ஃபிரேம் டைம். கோரைத் தனித்தனியாக வை. மொத்தச் சதவீதம் ஏமாற்றும், ஒரு கோர் மட்டும் முட்டி நின்றாலும் கேம் தடுமாறும். அரை மணி விளையாடு.

கார்டு 95க்கு மேலேயே நின்றால் கார்டுதான் தடை. கார்டு 60, 70 என்று சோம்பிக் கிடக்க, கோர்கள் முட்டிக்கொண்டிருந்தால் ப்ராசஸர். சந்தேகமாக இருந்தால் ரெசல்யூஷனை 720பிக்கு இறக்கிப் பார். ஃபிரேம் நன்றாக ஏறினால் கார்டு, அசையாமல் நின்றால் ப்ராசஸர். இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை.

ஃபிரேம் டைமையும் கவனி. 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றும் 16.7 மில்லி நொடிக்குள் வர வேண்டும். சராசரி 60 காட்டினாலும் நடுவில் ஒன்று 80 மில்லி நொடி எடுத்தால் அதைத்தான் கண் 'திக்கல்' என்கிறது.

அந்த 'பாட்டில்நெக் கால்குலேட்டர்' இணையதளங்களை மூடிவை. எந்தக் கேம், எந்த ரெசல்யூஷன் என்று தெரியாமலே சதவீதம் சொல்கிறவன் ஜோசியக்காரன். ஜோசியக்காரனாவது கையைப் பார்த்துவிட்டுச் சொல்வான்.

நவம்பர் 6

உன் அளவுகளைப் பார்த்தேன். இரண்டு கேம், இரண்டு நோய்.

துப்பாக்கிக் கேமில் கார்டு 65 சதவீதம், நான்கு கோரும் 100. கதைக் கேமில் கார்டு 99, அதன் 2 ஜிபி மெமரி வழிகிறது, கூடவே ரேமும் 7.6-இல் நிற்கிறது. ரேம் நிரம்பியதும் விண்டோஸ் ஹார்ட் டிஸ்கில் போய் எழுதிப் படிக்க ஆரம்பிக்கும். உன் படத்தில் டிஸ்க் 100 சதவீதம் என்று தெரிவது அதுதான். கதவைத் திறக்கும் இடத்தில் அரை நொடி நிற்கிறது என்றாயே, பெரும்பாலும் அங்கே தடை கார்டாக இருக்காது, டிஸ்காகத்தான் இருக்கும்.

ரேம் ஒரே குச்சி என்று இப்போதுதான் சொல்கிறாய்! ஒற்றைச் சேனலில் டிடிஆர்3-1600 நொடிக்கு 12.8 ஜிபி. இன்னொரு குச்சி சேர்த்தால் 25.6. நான்கு கோர் ப்ராசஸர் முட்டுவதில் ஒரு பங்கு, மெமரிக்குக் காத்திருப்பதாகவே இருக்கலாம். உன் போர்டில் ஸ்லாட் இரண்டுதான், மொத்தம் 16 ஜிபிக்கு மேல் ஏறாது. ஆக இன்னொரு 8 ஜிபி குச்சி போட்டால் அந்தக் கணக்கு முடிந்தது, அதற்கு மேல் யோசிக்கவும் இடமில்லை.

டிஸ்க் தடைக்கு மருந்து எஸ்எஸ்டி, அதுவும் ஹார்ட் டிஸ்க் மாட்டும் அதே சாட்டா வகையே போதும். எச்81-இல் நான்கு சாட்டா போர்ட், அதில் இரண்டுதான் 6 ஜிகாபிட். பெரும்பாலும் நிறம் வேறாக இருக்கும், போர்டு புத்தகத்தில் பார்த்து அதில் மாட்டு. என்விஎம்இ (பிசிஐஇ வழியாக ஓடும் வேகமான எஸ்எஸ்டி) வாங்கி அடாப்டரில் போடலாமா என்று கேட்காதே. இந்த வயதுப் போர்டின் பயாஸை நோண்டி மாற்றாமல் அதிலிருந்து பூட் ஆகாது. உன் போர்டில் மிச்சமிருப்பவை ஒற்றை லேன் ஸ்லாட்டுகள். அதில் வரும் 500 எம்பியைச் சாட்டாவே கொடுத்துவிடும்.

நவம்பர் 9

எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர் படம் அனுப்பியதற்கு நல்லது. அனுப்பாமல் இருந்திருந்தால் நான் 1660 சூப்பர் வாங்கு என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போயிருப்பேன்.

450 வாட் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. அதை மறந்துவிடு. கீழே கட்டத்தில் +12 வோல்ட் என்ற இடத்தில் 20 ஆம்பியர். 12 இன்டு 20, 240 வாட். ப்ராசஸரும் கார்டும் குடிப்பது இந்தப் 12 வோல்ட்டைத்தான். மிச்ச 210 வாட் 3.3, 5 வோல்ட்டுக்கென்று எழுதியது. பழைய காலத்துக் கம்ப்யூட்டர்களுக்கு அது வேண்டியிருந்தது, இன்று காகிதத்தில் அழகாக இருக்கிறது, அவ்வளவே.

கணக்கு: ஐ5-4590க்கு 84 வாட். 1660 சூப்பருக்கு 125. போர்டு, டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து 40 என்று வை. 249. சப்ளை கொடுப்பது புதிதாக இருந்தபோதே 240. பதினொரு வருடம் வெந்த கெபாசிட்டரோடு இன்னும் குறைவு. கேம் நடுவில் பட்டென்று அணைந்தால் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள், அணையாமல் போர்டையும் இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு வழி. ஒன்று, 3050-இன் 6 ஜிபி மாடல் மாதிரி 70 வாட் கார்டு. ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் அடங்கும், வயரே வேண்டாம். 84, 70, 40, மொத்தம் 194. கார்டின் 70, இப்போதைய 750 டிஐ குடிக்கும் 60 வாட்டுக்குப் பக்கம்தான், பழைய சப்ளை முனகிக்கொண்டே இழுக்கும். இரண்டு, நல்ல சப்ளை வாங்கிப் பெரிய கார்டு போடுவது. சப்ளையும் கார்டும் அடுத்த கம்ப்யூட்டருக்கும் கூடவே வரும் என்பதால் நான் இரண்டாவது கட்சி.

வாங்கும்போது '80 பிளஸ்' ஸ்டிக்கரைத் தரச் சான்று என்று நினைக்காதே. சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. உள்ளே பாதுகாப்பு இருக்கிறதா என்று சொல்வதில்லை. ப்ராசஸருக்கான கனெக்டர் புதியவற்றில் எட்டுப் பின், உன் போர்டில் நான்கு. பயப்படாதே, பெரும்பாலும் நான்கு நான்காகப் பிரியும்.

நவம்பர் 9, அரை மணி கழித்து

"சாட்டா மின்சார வயரிலிருந்து ஆறு பின்னுக்கு மாற்றும் கனெக்டர் இருக்கிறதே, சப்ளையை மாற்றாமல் அதைப் போடலாமா?"

கூடாது. சாட்டா கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர் தாங்கும். மொத்தம் 54 வாட். ஆறு பின் கார்டு 75 வாட் வரை கேட்கலாம், எட்டுப் பின் 150. பிளாஸ்டிக் உருகும் வாசனை ஒருமுறை மூக்கில் ஏறினால் மறக்காது.

நவம்பர் 10

வயர் பேச்சு வந்ததால் என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். வயர்களைத் தனியாகக் கழற்றக்கூடிய மாடுலர் சப்ளை ஒன்று மாற்றினேன். பழைய வயர்கள் கேபினட்டுக்குள் அழகாகக் கட்டியிருந்தன, புதிய சப்ளையிலும் அதே ஓட்டை, அதே வடிவம், ஒரே கம்பெனி. வயரை அப்படியே விட்டு டப்பாவை மட்டும் மாற்றினேன். சுவிட்சைப் போட்டதும் 'டிக்' என்று ஒரு சத்தம். இரண்டு ஹார்ட் டிஸ்க் செத்தன. சப்ளைப் பக்கத்துப் பின் வரிசை மாடலுக்கு மாடல் மாறும், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போயிருக்கிறது. ஆறு வருடப் புகைப்படம். இன்னொரு பிரதி இருந்ததா என்று கேட்காதே.

சப்ளை மாற்றினால் வயரும் மாற்று. கட்டிய அழகு கெட்டால் கெடட்டும்.

நவம்பர் 10, இரவு

ஒரு சின்ன விஷயம், மறந்துவிட்டேன். உன் மானிட்டருக்குப் போகும் வயர் நீல நிற முனையா? அப்படியானால் அது விஜிஏ. 1660-இலும் 3050-இலும் 6600-இலும் அது கிடையாது. மானிட்டரில் எச்டிஎம்ஐ இருக்கிறதா என்று பின்னால் குனிந்து பார். இல்லாவிட்டால் சிக்னலை மாற்றித்தரும் கன்வெர்ட்டர் வேண்டும், வெறும் வடிவம் மாற்றும் முனை போதாது.

நவம்பர் 14

ப்ராசஸர். கேட்பாய் என்று தெரியும்.

என் கருத்து: செத்த சாக்கெட்டில் (ப்ராசஸர் உட்காரும் இடம்) பணம் போடாதே. உன் போர்டின் எல்ஜிஏ 1150 சாக்கெட்டில் நீ ஏறக்கூடிய உச்சம் ஐ7-4790 மாதிரி ஒன்று. கோர் அதே நான்கு, த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை) எட்டு. அடுத்த போர்டுக்கு அது வராது, ரேமும் வராது. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் போர்டு வாங்கியவர்களைப் பார், 2017-இல் வாங்கிய போர்டு பலவற்றில் பயாஸ் மாற்றியதும் 2022-இல் வந்த ப்ராசஸர் உட்கார்ந்தது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இன்டெல்லில் ஒரே சாக்கெட் பெயர் இருந்தும் ஆறாம் ஏழாம் தலைமுறைப் போர்டில் எட்டாம் தலைமுறை ஏறாது, அதுவும் ஒரு கூத்து.

நவம்பர் 15

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. செத்த சாக்கெட்டில் பணம் போடாதே என்று உபதேசம் செய்தவன், 2019-இல் தன் பி85-இல் ஸீயான் இ3-1231 வி3 என்ற எட்டு த்ரெட் சர்வர் ப்ராசஸரை வாங்கிப் போட்டவன். இன்றைக்கும் அதில்தான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

உண்மையைச் சொன்னால், அது நல்ல முடிவு. சராசரி ஃபிரேம் பெரிதாக ஏறவில்லை. ஆனால் ஐ5-இல் சின்னச் சின்னதாக வந்த இழுப்பு அடங்கியது. பின்னால் வேறு ஏதாவது ஓடினாலும் கேம் கண்டுகொள்ளவில்லை. நான்கு த்ரெட் என்பது இன்றைய துப்பாக்கிக் கேம்களுக்கு நெருக்கடிதான்.

அதனால் திருத்திச் சொல்கிறேன்: கடைசி வேலையாக வைத்துக்கொள். ரேமும் எஸ்எஸ்டியும் கார்டும் போட்ட பிறகும் கோர்கள் முட்டினால், பழைய ஐ5-ஐ விற்ற பணத்தோடு கொஞ்சம் சேர்த்து முடிகிற மாதிரி கிடைத்தால், வாங்கு. போர்டு கம்பெனியின் பக்கத்தில் ப்ராசஸர் பட்டியல் இருக்கும், அதில் அந்த மாடலும் அதற்கு வேண்டிய பயாஸ் எண்ணும் இருக்க வேண்டும். பயாஸைப் பழைய ப்ராசஸர் இருக்கும்போதே மாற்று. எடுத்த பிறகு மாற்ற நினைத்தால் முடியாது, சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தின மாதிரி.

ஸீயானில் ஒரு குறை. இந்த மாடலில் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கார்டு செத்தால் திரை கறுப்புதான், என்ன நோய் என்று பார்க்கக்கூட வழியில்லை. ஐ7 என்றால் போர்டிலேயே மானிட்டரை மாட்டிப் பார்க்கலாம்.

நவம்பர் 16

"எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் புதிதாகவே வாங்கினால் என்ன?"

இரண்டு மாதம் முன்னால் கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். இப்போது டிடிஆர்5 விலை எங்கோ போய்க்கொண்டிருக்கிறது, டிடிஆர்4-உம் அதன் பின்னாலேயே. ப்ராசஸர் மலிவாகக் கிடைத்தாலும் அதற்குப் போர்டும் ரேமும் சேர்ந்தால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஒரு வருடம் தள்ளிப்போடப் பார்.

நவம்பர் 17

விண்டோஸ் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. நீட்டிப்பில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் வரும். விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல். நம்முடையது நான்கு. குறுக்கு வழியில் ஏற்றலாம், ஏற்றியும் இருக்கிறேன். ஆனால் சில ஆன்லைன் கேம்களின் ஆன்டி-சீட் (ஏமாற்றி விளையாடுகிறவர்களைப் பிடிக்கும் மென்பொருள்) விண்டோஸ் 11-இல் டிபிஎம்மையும் பயாஸில் இருக்கும் செக்யூர் பூட் என்ற காவலையும் தேடும், இல்லையென்றால் உள்ளே விடாது. லினக்ஸில் கதைக் கேம்கள் பெரும்பாலும் ஓடுகின்றன, அங்கேயும் ஆன்டி-சீட்தான் முட்டுக்கட்டை. நீ எதை விளையாடுகிறாய் என்பதைப் பொறுத்துத்தான்.

சொல்ல விட்டது: என்விடியாவின் 750 டிஐ காலத்துக் கார்டுகளுக்கும் ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கும் கேமுக்கான புது டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது, இனிப் பாதுகாப்புத் திருத்தம் மட்டும். ஆகவே 1060, 1070 யாராவது சல்லிசாகத் தந்தால் அதையும் மனதில் வைத்துக்கொள். 1660 அந்தப் பட்டியலில் இல்லை.

நவம்பர் 21

ரேம் போட்டால் பூட் ஆகவில்லை, பீப் சத்தம் என்கிறாய். குச்சியின் மேல் 'ஏஎம்டி மட்டும்' என்று எங்காவது இருக்கிறதா? அந்த வகை டிடிஆர்3 இன்டெல் போர்டில் எழாது. 'ஆர்இசிசி', 'ரெஜிஸ்டர்டு' என்று இருந்தாலும் சர்வர் சரக்கு, உன் போர்டுக்கு ஆகாது. சர்வர் ரேம் சும்மாக் கொடுக்கிற மாதிரி கிடைப்பதன் ரகசியம் அதுதான்.

இரண்டும் இல்லையென்றால் பழைய குச்சியை எடுத்துவிட்டுப் புதியதை மட்டும் போட்டுப் பார். குச்சியின் ஓரத்துத் தங்கப் பல்லை அழிரப்பரால் மெதுவாகத் துடைத்துவிட்டு.

நவம்பர் 21, மாலை

'ஏஎம்டி மட்டும்' என்றே எழுதியிருந்ததா. திருப்பிக் கொடுத்துவிடு. அது உன் தப்பில்லை, நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

நவம்பர் 28

சரியான ரேம் வந்தது, எஸ்எஸ்டி வந்தது, கதவுத் திக்கல் போய்விட்டது என்று படித்ததும் சந்தோஷம். ஆனால் துப்பாக்கிக் கேமில் பத்து நிமிடம் கழித்து ஃபிரேம் சரிகிறது என்கிறாயே, 'பத்து நிமிடம் கழித்து' என்பதுதான் துப்பு. ஆரம்பத்திலேயே முட்டினால் சக்தி போதவில்லை. நேரம் போகப் போகச் சரிந்தால் பெரும்பாலும் சூடு.

ப்ராசஸர் வெப்பத்தைப் பார்த்துச் சொல்.

நவம்பர் 29

98 டிகிரி!

இந்த ப்ராசஸர் 100-ஐ நெருங்கியதும் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். பதினொரு வருடத் தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பாகியிருக்கும். கூலரின் நான்கு பிளாஸ்டிக் காலில் ஒன்று கழன்றிருந்தாலும் இப்படித்தான் ஆகும். போர்டைத் திருப்பிப் பார், நான்கு காலும் மறுபக்கம் எட்டிப் பார்க்க வேண்டும்.

கூலரை அவிழ்த்து, பழைய பேஸ்டைத் துடைத்து, பட்டாணி அளவு புதியது வை. எதிரெதிர் மூலையாக அழுத்து. தூசி ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள், சுற்ற விடாதே. ப்ராசஸரைச் சாக்கெட்டிலிருந்து எடுக்காதே, அவசியமே இல்லை. அதன் அடியில் இருக்கும் ஊசிகள் வளைந்தால் நிமிர்த்துவதற்குள் வயதாகிவிடும்.

இதை நவம்பர் 2-ஆம் தேதி, முதல் வரியாகக் கேட்டிருக்க வேண்டும். லேன் கணக்கு சொல்லும் குஷியில் தூசியை மறந்துவிட்டேன்.

நவம்பர் 30

98 டிகிரி 71 ஆனது. ஒரு கால் கழன்றுதான் இருந்திருக்கிறது. வேகம் இனிச் சரியாது. 6-ஆம் தேதி உன் ப்ராசஸர் முட்டுகிறது என்று நான் சொன்னதில் எவ்வளவு ப்ராசஸர், எவ்வளவு சூடு என்று இப்போது எனக்கே சந்தேகம். மறுபடி அள.

டிசம்பர் 2

மறு அளவு: துப்பாக்கிக் கேமில் கோர்கள் 85-90, கார்டு 90-க்கு மேல். கதைக் கேமில் கார்டு 99, மெமரி நிரம்பல். இப்போது நிஜமாகவே கார்டின் முறை. ஒரு மாதம் முன்னால் நீ கேட்ட அதே கேள்விக்கு வந்திருக்கிறோம். 6500 எக்ஸ்டிக்கு என் பதில் மாறவில்லை.

டிசம்பர் 7

550 வாட் சப்ளையும், செகண்ட் ஹேண்ட் 1660 சூப்பரும். நல்ல ஜோடி. கார்டைக் கையில் வாங்கும் முன் அரை மணியாவது சுமை கொடுத்துப் பார்த்தாய் என்று நம்புகிறேன். ஃபேன் உறுமுகிறதா, திரையில் புள்ளிகள் சிதறுகின்றனவா என்று. இல்லையென்றால் இன்றே பார்.

ஹார்ட் டிஸ்க் கூண்டு இடிக்கிறதா? அந்தக் கூண்டு பல கேபினட்டில் ஸ்க்ரூவோ ரிவெட்டோதான். டிஸ்கைக் கீழே மாற்றிவிட்டுக் கழற்று. ரம்பம் எடுக்காதே. நான் எடுத்திருக்கிறேன்.

டிசம்பர் 7, இரவு

ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. பதறாதே, வரிசையாகப் பார். எட்டுப் பின் வயர் முழுதாக உள்ளே போயிருக்கிறதா. கார்டு ஸ்லாட்டில் 'கிளிக்' ஆனதா. கார்டை எடுத்துவிட்டு, போர்டில் மானிட்டரை மாட்டி பயாஸில் சிஎஸ்எம் (பழைய முறையில் பூட் செய்யும் வசதி) எப்படி இருக்கிறது, முதல் டிஸ்ப்ளே எது என்று பார். பயாஸ் 2014-இல் வந்ததாகவே இருந்தால் புதியதை ஏற்று.

டிசம்பர் 7, பதினைந்து நிமிடம் கழித்து

மானிட்டர் வயரைக் கார்டில் மாட்டாமல் போர்டிலேயே விட்டிருந்தாயா.

சரி. யாரிடமும் சொல்லமாட்டேன். எனக்கும் நடந்திருக்கிறது, இரண்டு தடவை.

டிசம்பர் 13

ஒரு வாரமாகச் சத்தமில்லை, விளையாடிக்கொண்டிருக்கிறாய் என்று புரிகிறது. ஐ7 தேடுவதை நிறுத்திவிட்டாயா? 85-90 என்பது இன்னும் ஒரு வருடம் தாங்கும்.

ஒரு விஷயம். அந்த 750 டிஐயை என்ன செய்யப்போகிறாய்? ஸீயானில் கார்டு செத்தால் திரை கறுப்பு என்று போன மாதம் 15-ஆம் தேதி ஞானம் பேசினேனே, நேற்று என் கார்டு செத்துவிட்டது. லேப்டாப்பில் தட்டுகிறேன். விற்பதாக இருந்தால் முதலில் எனக்குச் சொல், தம்பி. அரை மணி சுமை கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன்.